மூத்தவள் படுக்கக் கூடாது

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம் என்றுதான் எங்கள் சந்தில் சொல்வார்கள். முதல் தாரத்துக்கு நான்கு கால், ஒரு வால், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே அவள் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அதனால் மூத்தவள் என்பதே அவள் பெயராகிவிட்டது. முதலில் கிண்டலுக்குச் சொன்னார்கள். பிறகு அவரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார், அவளும் காதைத் திருப்ப ஆரம்பித்தாள். நான் வந்த முதல் வாரமே என் தோளைக் கடித்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ குதிரைப் பைத்தியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவர் ஏரியைச் சுற்றிக் காட்டும் வண்டி ஓட்டுகிறவர். நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு பழைய கிடங்கின் முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் அவள். நடுவில் பலகைத் தடுப்பு. அவள் கனைத்தால் எங்கள் அடுப்படியில் தட்டுகள் அதிரும்.

வண்டி நிறுத்தத்தில், தண்ணீர்த் தொட்டியருகே, இன்னொரு வண்டியின் குதிரை அவளை உதைத்துவிட்டது. வலது முன்னங்காலில், முழங்காலுக்கு மேலே, உட்பக்கமாக. அந்த இடத்தில் சதையே கிடையாது, தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். காயம் என்னவோ சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. அவர் கழுவி மருந்து போட்டார். அவளும் ஒன்றும் நடக்காதது போல வண்டியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். மறுநாளும் சவாரி போனாள். அதற்கும் மறுநாள் காலையில் பார்த்தால், அந்தக் காலை ஊன்ற முடியாமல் குளம்பின் நுனியால் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் வியர்த்து நின்றாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசுக்காரி, ஆனால் கெட்டிக்காரி. கையில் தூக்கி வரும் எக்ஸ்ரே கருவியைக் காலோடு வைத்துப் படம் எடுத்தாள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தாள். நானும் கூடவே போய் நின்றேன்.

"எலும்பு ரெண்டாகலைண்ணா. விரிசல் விட்டிருக்கு. கண்ணாடி டம்ளர்ல ஒரு கோடு ஓடுமே, அந்த மாதிரி. இப்போதைக்குச் சேர்ந்துதான் நிக்குது. எந்த நிமிஷம் வேணும்னாலும் விட்டுடலாம்."

"ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று அவர் கேட்டார்.

"இதுக்கு வேண்டாம்ணா. பண்ணினாலும் மயக்கம் தெளிஞ்சு எழுந்திரிக்கும்போதே உடைச்சுக்குவா. இவ்வளவு பெரிய உடம்பு தடுமாறி எழுந்தா மொத்தமும் அந்த எலும்புமேலதானே வந்து இறங்கும். கட்டுப் போட்டு, பலகை வெச்சு, நிக்க வைப்போம். அதுவா கூடும்."

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம். கூடவும் ஆகலாம். நிக்கணும்னா நின்னுக்கிட்டே இருக்கணும். படுக்கவே கூடாது. படுத்தா எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கறப்பதான் உடையும்."

ரெண்டு மாசம் நிற்பதற்கு அவள் என்ன தவமா செய்கிறாள் என்று நான் கேட்டேன். குதிரைகள் நின்றுகொண்டே தூங்கும், ஆனால் அது அரைத் தூக்கம்தான் என்று டாக்டரம்மா சொன்னாள். முழுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டுமாம். அது இல்லாமல்தான் ஓட்ட வேண்டுமாம். கிளம்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னாள்.

"அடிபட்ட காலை நான் பாத்துக்கறேன். நீங்க நல்ல காலைப் பாருங்க. இனிமே முன்பக்க பாரம் பூரா அந்த இடது கால்லதான். குளம்பு சூடாகுதான்னு தினமும் தொட்டுப் பாக்கணும். அடியில மெத்தை மாதிரி வெச்சுக் கட்டணும். உங்க லாடக்காரரை அடிக்கடி வரச் சொல்லுங்க."

எங்கள் லாடக்காரர் என் சொந்த அண்ணன்தான். அண்ணன் தங்கமானவர், ஆனால் அவர் வாய்க்குக் கடிவாளம் கிடையாது. அன்றைக்கே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டார்.

"மாப்ள, மனசைக் கல்லாக்கிக்கோங்க. இது தேறாது. ரெண்டு மாசம் சித்திரவதை பண்ணிட்டு அப்புறம் ஊசி போடறதுக்கு, இப்பவே போட்டு நிம்மதியா அனுப்பிடலாம்."

என் வீட்டுக்காரர் அண்ணனின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் சந்தில் வைத்தார். திரும்பி வந்து, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதீங்க மச்சான்" என்றார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் யாரைப் பிடிப்பது, யாரைத் தள்ளுவது? ஒரு பக்கம் கூடப் பிறந்தவர், இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டவர். அண்ணன் போன பிறகு, "அப்ப குளம்பை யாரு பாக்கறது?" என்று கேட்டேன். "நான் பாத்துக்கறேன்" என்றார்.

கட்டு என்றால் நம் கைக்குப் போடுகிற மாதிரி நினைத்துவிடக் கூடாது. பஞ்சுச் சுருளைச் சுற்றி, துணியால் இறுக்கி, அதன் மேல் மறுபடி பஞ்சு, மறுபடி துணி. குளம்பிலிருந்து மார்பு வரைக்கும் கால் தலையணை போல ஆகிவிட்டது. வெளிப்பக்கம் தோள் வரைக்கும் ஒரு நீளப் பலகை, கால் பக்கவாட்டில் சரியாமல் இருக்க. தலைக் கயிற்றிலிருந்து இரண்டு கயிறுகள், இந்தச் சுவரில் ஒன்று, அந்தச் சுவரில் ஒன்று. தலையைத் தாழ்த்தித் தின்னலாம், ஆனால் படுக்கிற அளவுக்குக் கயிறு விடாது.

வயிற்றுக்கு அடியில் கொடுக்க ஒரு தொட்டில் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தூக்கித் தொங்கவிட அல்ல, களைத்தால் சாய்ந்துகொள்ள. அதை நான்தான் தைத்தேன். முதலாளியிடம் கேட்டு, லாரித் தார்ப்பாயில் இரண்டு மடிப்பு, நடுவில் பழைய கம்பளி, ஓரமெல்லாம் பட்டை நாடா. எங்கள் கடையின் பெரிய மெஷினிலேயே ஊசி முறிந்தது. கிடங்கின் இரும்பு உத்தரத்தில் சங்கிலி போட்டு மாட்டினோம். "இந்த வயசுல வீட்டுல தொட்டில் கட்டியிருக்கீங்களாமே" என்று சந்தில் ஒருத்தி கேட்டாள். "ஆமா, மூத்தவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சில நாட்கள் அவள் தொட்டிலைப் பிடிக்காமல் உதறினாள். பிறகு கண்டுபிடித்துவிட்டாள். மெல்ல வயிற்றை இறக்கி அதன்மேல் பாரத்தைப் போட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனுஷி மாதிரி இருப்பாள். ஆனால் அது எத்தனை நேரத்துக்கு? தொட்டில் மாரை அழுத்தும், மறுபடி எழுந்து நிற்பாள். துணி உரசித் தோல் உரிந்த இடத்துக்கு நேராகத் தொட்டிலை நான் மறுபடி பிரித்து, கம்பளியைக் கூட்டித் தைப்பேன். கடையில் தைத்துவிட்டு வந்து வீட்டிலும் தைத்தேன். எனக்குப் பிடிக்காத ஒருத்திக்காக என் விரல் நுனிகள் சல்லடையாகிக்கொண்டிருந்தன.

மூன்று வாரம் போனபோது அவளைப் பார்க்கவே சகிக்கவில்லை. தூக்கம் அவளைப் பிடித்துக் கீழே இழுத்தது. நின்ற வாக்கிலேயே கண் சொருகும், தலை தொங்கும், முழங்கால் மடியும், உடனே திடுக்கிட்டு நிமிர்வாள். பகலில் பத்துத் தடவையாவது இது நடக்கும். ஒவ்வொரு தடவையும் எங்கள் மூச்சு நின்று போகும். அவர் அவள் எதிரிலேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் தாடையைத் தன் தோளில் தாங்கிக்கொள்வார். அவள் கண் அசந்தால் இவருக்கும் அசரும், அவள் தடுமாறினால் இவர் பதறி எழுவார். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய் அப்படியே இருக்கும். முகச்சவரம் இல்லை, சட்டை மாற்றுவதில்லை. நான் பேசினால் காதில் விழுந்த மாதிரியே தெரியாது.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு குதிரைக்காக நீங்க சாகப் போறீங்களா? அண்ணன் சொன்னதுல என்ன தப்பு? இது படற பாட்டைப் பாருங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"உதை வாங்கின அன்னைக்கு என்னை இழுத்துட்டு வந்தா. மறுநாள் ஏரியை முழுசாச் சுத்தினா. மேட்டுல கொஞ்சம் மெதுவாப் போனா. நான் அதட்டினேன்." அவள் கழுத்தைத் தடவினார். "எலும்பு விட்டுப்போன காலோட இழுத்தா. நான் மேல உக்காந்து அதட்டினேன். இவ போயிட்டா நான் எப்படி இன்னொரு குதிரை பின்னாடி உக்காருவேன் சொல்லு. இவ போயிட்டா நான் இல்லை."

சொன்ன விதம் மிரட்டலாக இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். அன்றிலிருந்து மூத்தவள் பிழைக்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் வேண்டினேன். குதிரைக்காக இல்லை. எனக்கு என் புருஷன் வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு வாரமோ என்னவோ. கடையிலிருந்து நான் திரும்பி வரும்போது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குளித்திருந்தார். முகத்தில் சிரிப்பு.

"ஊன்றா" என்றார்.

"யாரு?"

"அடிபட்ட காலை ஊன்றா. வந்து பாரு."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். உண்மைதான். கட்டுப் போட்ட வலது காலைத் தரையில் முழுசாகப் பதித்து, அதன்மேல் நன்றாகச் சாய்ந்து நின்றாள். இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தாள், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. இத்தனை நாள் தரையில் படவே பயந்த கால் அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மூக்கைத் தடவிக்கூடக் கொடுத்தேன், கடிக்கவில்லை. சர்க்கரைக் கட்டி ஒன்று கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சந்தில் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் இரண்டு நாள் தரையில் நடந்தேனா மிதந்தேனா என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மா வேலையாக வெளியூர் போயிருந்தாள். வந்துவிட்டாள் என்று தெரிந்ததும், கடையில் மெஷினை நிறுத்திவிட்டு நான்தான் போன் போட்டேன். நல்ல சேதியை முதலில் நான் சொல்ல வேண்டும் என்று ஆசை.

"டாக்டரம்மா, அவ காலை ஊன்றிட்டா. நல்லா பாரம் போட்டு நிக்கறா."

"எந்தக் காலை?"

"அடிபட்ட காலைத்தான்."

"அப்ப இன்னொரு காலை என்ன பண்றா?"

"முன்னால நீட்டி வெச்சிருக்கா. மகாராணி மாதிரி."

"எத்தனை நாளா அப்படி நிக்கறாக்கா?" என்று கேட்டாள். குரல் மாறிவிட்டது. நான் சொன்னேன். "உடனே வரேன். யாரும் அவளை நகர்த்தாதீங்க" என்று வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

டாக்டரம்மா வந்ததும் கட்டுப் போட்ட காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து இடது குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கம், இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். என் கையை இழுத்து அங்கே வைத்தாள். திம் திம் என்று அடித்தது. குளம்பு, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரம் மாதிரிச் சுட்டது.

"இந்தக் கால் வலி தாங்க முடியாமத்தான் அந்தக் காலை ஊன்றியிருக்கா" என்றாள். "குணமாகி இல்லண்ணா. வேற வழியில்லாம."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மெத்தை எங்க? குளம்புக்கு அடியில வெச்சுக் கட்டச் சொன்னேனே. லாடக்காரர் வந்து பாக்கலையா?"

என் வீட்டுக்காரர் கவனித்தார்தான். கட்டு தளர்கிறதா, பலகை நகர்கிறதா, வீக்கம் வடிகிறதா என்று அந்த ஒரு காலை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். இன்னொரு குளம்பை எப்போதாவது தொட்டிருப்பார். வெயில் காலத்தில் எல்லாமே சூடாகத்தானே இருக்கிறது என்று விட்டிருப்பார். அதைத் தொட்டதுமே தெரிந்துகொள்கிற ஒரே ஆளை வாசலோடு அனுப்பியிருந்தோம்.

நான் யாரையும் கேட்கவில்லை. நேராக அண்ணன் பட்டறைக்குப் போனேன். அவர் உலையருகே இருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார். "நல்ல கால் போச்சுண்ணே" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வாசலில் மட்டும் ஒரு நொடி நின்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

டாக்டரம்மா இரண்டு காலையும் படம் எடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வலது காலில் அந்தக் கோடு மங்கிக்கொண்டு வந்திருந்தது. ஓரமெல்லாம் புது எலும்பு திரண்டிருந்தது. "பாதிக்கு மேல கூடியிருக்கு" என்றாள். இடது குளம்புக்குள்ளே இருக்கிற சின்ன எலும்பு, இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் நழுவியிருந்தது. குளம்போடு எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற சதை கழன்றுகொண்டு வருகிறதாம். இன்னும் நழுவினால் அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு எலும்பு வெளியே வந்துவிடுமாம்.

"இதுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"பாரத்தை எடுக்கணும். இவர் அடியில மெத்தை வெச்சுக் கட்டுவார், நான் வலிக்கு மருந்து தரேன். அது போதாது. அவ படுக்கணும். படுத்தாத்தான் அந்தக் காலுக்கு ஓய்வு."

"படுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, குழந்தை மாதிரிக் கேட்டார்.

"ஆமாண்ணா. படுத்தா எழுந்திரிக்கறப்ப அந்த எலும்பு விடலாம். படுக்கலைன்னா இந்தக் குளம்பு கண்டிப்பாப் போயிடும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். எழுந்திரிச்சு உடைஞ்சுட்டா..." தன் பையை ஒரு பார்வை பார்த்தாள். "நான் இங்கேயே இருப்பேன். வலிக்க விடமாட்டேன்."

அண்ணன் மண்டியிட்டு, அவளுடைய குளம்பின் நுனியைச் சீவிக்கொண்டிருந்தார். அதை முழுசாகத் தூக்க முடியாது, தூக்கினால் பாரமெல்லாம் அடுத்த காலுக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அவள் இஷ்டப்பட்டு இளக்குகிற நேரம் பார்த்து, அடியில் ரப்பரும் பஞ்சுமாகத் திணித்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"படுக்க விடுங்க மாப்ள."

"நீங்க அன்னைக்கே போயிடட்டும்னு சொன்னவர்தானே மச்சான்."

"சொன்னேன். இன்னைக்கு இருக்கட்டும்னு சொல்றேன்."

என் வீட்டுக்காரர் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ. யாரும் அவசரப்படுத்தவில்லை. நாங்கள் மூன்று பேரும் தரை முழுக்க மணலும் வைக்கோலுமாக மெத்தென்று பரப்பினோம். டாக்டரம்மா தோள் வரை போன அந்த நீளப் பலகையைக் கழற்றினாள், அதோடு படுக்க முடியாது. காலில் வெறும் கட்டு மட்டும் இருந்தது. தொட்டிலின் சங்கிலியை நான் இறக்கினேன். கடைசியில் அவர் இந்தப் பக்கக் கயிற்றை அவிழ்த்தார். அந்தப் பக்கக் கயிற்றின் முடிச்சில் அவர் விரல் வழுக்கியது. நான் போய் அவிழ்த்தேன்.

அவள் படுக்கவில்லை.

அத்தனை நாள் படுக்க ஏங்கியவள், படு என்று அவிழ்த்துவிட்டால் அசையாமல் நிற்கிறாள். எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். மூத்தவள் அல்லவா, பிறர் சொன்ன நேரத்தில் எதையும் செய்து பழக்கமில்லை. "வெளிய போவோம். நாம பாக்கறதுதான் பயம்" என்று அண்ணன் சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, எங்கள் அடுப்படியில், பெரியவர்கள் நாலு பேர் மூச்சு விடாமல் நின்றோம். வைக்கோலை முகரும் சத்தம் கேட்டது. ஒரே இடத்தில் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய முனகல், தொப்பென்று ஒரு அதிர்வு. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

போய்ப் பார்த்தோம். ஒருக்களித்து, நாலு காலையும் நீட்டி, கன்னத்தை மணலில் வைத்துப் படுத்திருந்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. உதடு துடித்தது, குளம்புகள் காற்றில் ஓடின. எதையோ கனவு கண்டாள் போல. அவர் சத்தமில்லாமல் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இவ்வளவு சாதாரணமான ஒன்றை இத்தனை நாளாக இவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோமே என்று தோன்றியது.

டாக்டரம்மா போனை அணைத்துப் பையில் போட்டாள். அந்தக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மடியில் பையைத் திறந்து வைத்துக்கொண்டாள். உள்ளே ஊசி இருந்தது எனக்குத் தெரிந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன். வெயில் தகர இடுக்கு வழியாக வந்து மூத்தவளின் வயிற்றில் ஏறி, முதுகுக்கு நகர்ந்தது.

குறட்டை நின்றது. அவள் தலையைத் தூக்கினாள்.

"எழுந்திரிக்கப் போறா" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். "என்னால முடியாது. நீ பாத்துச் சொல்லு" என்றார். இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டார். நானும் திரும்பியிருப்பேன். ஆனால் யாராவது ஒருத்தர் பார்த்தாக வேண்டுமே.

"புரண்டு நெஞ்சால உக்காந்துட்டா" என்றேன். "முன்னங்காலை நீட்டறா. இடது காலை நீட்டறா... இழுத்துக்கிட்டா. வலிக்குது போல."

"அப்புறம்?"

"வலது காலை நீட்டறா."

அடிபட்ட கால். அதைத்தான் முன்னால் ஊன்றினாள். கழுத்தை உந்தி, பின்பக்கத்தைத் தூக்கினாள். கட்டுக்குள்ளே அந்தக் கால் நடுங்குவது துணிக்கு மேலே தெரிந்தது. பாதி எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். தரை அதிர்ந்தது. அண்ணன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா எழுந்து நின்றாள்.

"என்ன சத்தம்? என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. வைக்கோல்ல வழுக்கிடுச்சு." என்றேன். "இருங்க. மறுபடி பாக்கறா."

மறுபடியும் அதே வலது கால். அவள் கண்ணின் வெள்ளை தெரிந்தது. மூக்கு விரிந்தது. நான் அவளைத் திட்டினேனா, கும்பிட்டேனா, ஞாபகமில்லை. தோளைக் கடித்தவளே, என் தூக்கத்தைக் கெடுத்தவளே, எழுந்திருடி என்று உள்ளுக்குள்ளே ஏதோ ஓடியது. ஒரே உந்தலாக எழுந்தாள். தள்ளாடினாள். நின்றாள். உடம்பை ஒரு உதறு உதறினாள், மணல் எங்கள் முகத்தில் தெறித்தது.

"நின்னுட்டா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. டாக்டரம்மா போய் மேல்கட்டைத் தளர்த்தி, விரலை உள்ளே விட்டு, எலும்போடு மெல்லத் தடவிக்கொண்டே போனாள். "அப்படியே இருக்கு. விடலை" என்றாள்.

அப்போதுதான் அவர் திரும்பினார். நெற்றியெல்லாம் சுண்ணாம்பு. "பிழைச்சுட்டாளா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா பையை மூடினாள்.

"இந்தத் தடவை பிழைச்சுட்டா. குளம்பு ஆற மாசக்கணக்கா ஆகும்ணா. இனிமே நாளைக்கும் படுக்கணும், நாளன்னைக்கும் படுக்கணும். எலும்பு முழுசாக் கூடற வரைக்கும், ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கும்போதும் இதே கதைதான்."

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு நான் சுவத்தைப் பாத்து நிக்கறேன்" என்றேன். "நீங்க பாத்துச் சொல்லுங்க."